செம்மறிப் பாட்டுக்கு மூன்றாவது பெயர்

ஸ்காபரோ
09.06.2009

அன்பு மகள் நிலாணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நல்லூர்க் கந்தன் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் இங்கே உயிரும் உடம்புமாக இருக்கிறோம், என்னுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் உன் கங்காருக்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று அவனிடமே கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிசன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே, எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பாதே. ரெலிபோனில் கதைக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது நீ அழுதாய், அம்மா அழுதாள், உன் தம்பி ஜெனோசன் மூக்கை உறிஞ்சினான், நான் மூன்று பேருடைய அழுகையையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே அழ முடியாது பார்.

முதலில் வீட்டுப் புதினம். உன் அம்மா யோகமலர் அம்மையார் நேற்று நண்டு காய்ச்சினா. இதை ஏன் பெரிய செய்தியாக எழுதுகிறேன் என்றால், உன் மாமா சண்முகநாதன் வன்னிச் சண்டைக்குள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வரவில்லை. தம்பிக்காரனுக்காக இவள் மரக்கறி. செத்த வீட்டுத் துடக்குக் காக்கிறாயோ என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், அவன் இருக்கிறான், உங்கட வாயைக் கழுவுங்கோ என்று அகப்பையோடு வந்தாள். அப்படியென்றால் மீன் வாங்கிவரட்டோ என்றேன், அதற்கும் அதே அகப்பை. செத்த வீட்டுக்கு எங்கள் ஆட்களிடம் ஒழுங்கு இருக்கிறது, எட்டு, முப்பத்தொன்று என்று கணக்கு இருக்கிறது. இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத வீட்டுக்கு ஒருவரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதனால் உன் அம்மா தானே ஒரு சடங்கு கண்டுபிடித்தாள், அதன் பெயர் கோவா இலையை அரிந்து வறுக்கிற கோவாச் சுண்டல். காலையும் கோவா, இரவும் கோவா. எனக்கும் ஜெனோசனுக்கும் காது நீளத் தொடங்கிவிட்டது, ரூஜ் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் முயல்கள் சொந்தக்காரரைக் கண்டதுபோல எழும்பி நிற்கின்றன. ஜெனோசனுக்குச் சோதனை எழுதி முடிந்து கோடைக்கு ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, தாடி வளர்க்கிறான், அது இன்னும் தாடிக்கு விண்ணப்பித்த நிலையில்தான் இருக்கிறது. நான் அதே அஜக்ஸ் ஜன்னல் கொம்பனிதான், அதே நாலு பூச்சியம் ஒன்று ஹைவேயில் அதே வாகன நெரிசல்.

பக்கத்து வீட்டு அமிர்தநாதர் அண்ணை நேற்று உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவரும் நானும்தான் சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் மழையிலும் குளிரிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், ஒரே குடைக்குள் நின்று ஆளுக்கு ஒரு தோளை நனைத்தோம். மே பதினெட்டாம் திகதி சண்டை முடிந்த பிறகு நேற்றுவரை அந்த மனிசன் வாயே திறக்கவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு எடுத்த மண்டபத்தையும் கைவிட்டுவிட்டார். இங்கே எல்லா வீடும் அப்படித்தான், ரேடியோவில் பாட்டு இல்லை, கல்யாணங்களைத் தள்ளிப்போடுகிறார்கள், கடையில் மரக்கறி தெரிந்தெடுக்கிற சனம் கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தெரிந்தெடுக்கிறது. நானும் பேசாமல்தான் இருந்தேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, இஞ்சை பாருங்கோ, நீங்கள் பகிடி விடாமல் இருந்தால் எனக்குப் பயமாக் கிடக்கு, ஏதாவது சொல்லுங்கோ என்றாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து என் பகிடிக்கு முகத்தைச் சுளிக்கிற மனிசி கேட்கிறாள், எனக்கோ ஒரு பகிடியும் வரவில்லை. கோவா நல்லாயிருக்கு என்றேன். அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். ஜெனோசன் உன் ஈமெயிலை வாசித்துக் காட்டினான். அடுத்த மாதம் உங்கள் ஊரில் நடக்கிற புஷ் பாட்டு விழாவில் உன் பெயரை வெட்டச் சொல்லப் போகிறாயாம். மாமா உயிரோடு இருக்கிறார் எண்டு தெரிஞ்சது சந்தோசம், ஆனா எத்தனை சனம் செத்துப்போய்க் கிடக்கு, இந்த நேரம் நான் மேடையில ஏறி ஆட்டுக் கதை சொல்லி வெள்ளைக்காரரைச் சிரிக்க வைக்கிறதோ, எனக்கு வெக்கமா இருக்கு அப்பா என்று எழுதியிருக்கிறாய். நல்ல பிள்ளை. இப்படி யோசிக்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் வெட்டுவதற்கு முன்னம் இந்தக் கடிதத்தை முழுக்க வாசி, பிறகு வெட்டுவதென்றால் வெட்டு, கத்தரிக்கோல் உன் கையில்தான் இருக்கிறது.

நீ அந்த நாட்டுக்கு நேர்ஸ் வேலைக்குப் போன புதிதில் இந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதின கடிதத்தை நான் கொம்பனி லஞ்ச் ரூமில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். புஷ் என்பது அங்கே பற்றைக்காடும் மேய்ச்சல் தரையும் கண்ணுக்கெட்டின மட்டும் கிடக்கிற வெளி என்றும், நூறு வருசத்துக்கு முன்னம் அங்கே மாடு சாய்த்தவனும் ஆட்டு மயிர் கத்தரித்தவனும் மூட்டையைத் தோளில் போட்டு வேலை தேடித் திரிந்தவனும் நெருப்பைச் சுற்றி இருந்து சொன்ன பாட்டுகள் இவை என்றும் எழுதியிருந்தாய். வரிக்கு வரி எதுகை விழவேண்டும், குதிரை ஓடுகிற மாதிரித் தாளம் ஓடவேண்டும், வெள்ளமோ வறட்சியோ நாயோ ஒரு கதை இருக்கவேண்டும், காகிதத்தைப் பார்க்காமல் மனதில் இருந்து சொல்லவேண்டும், மூட்டையில் புத்தகத்துக்கு இடமில்லாததால் அந்த மனிசர்கள் பாட்டைத் தலைக்குள் வைத்துக் கொண்டு திரிந்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். சிரித்தேன். என்ன இது, ஒரு குளிர்நாட்டுப் பிள்ளை புழுதி நாட்டுக்குப் போய்ச் செத்துப்போன மாட்டுக்காரரில் காதல் கொண்டு நிற்கிறதே என்று அம்மாவுக்கும் சொன்னேன். அவள் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டு, ஆர் அந்தப் பொடியன் என்று பதறினாள்.

மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் பாட்டுக்கு முன்னம், நான் இன்னாரிடம் இருந்து எடுத்துக்கொண்டேன் என்று இரண்டு வார்த்தை சொல்வது அங்கே வழக்கம், நீ இரண்டு பழைய தாடிக்காரப் புலவர்களைச் சொல்லப்போகிறாய் என்றும் எழுதினாய். ஒருவர் அந்த வெளியைப் புகழ்ந்து தள்ளுகிறவர், மற்றவர் ஈயையும் புழுதியையும் வெயிலையும் திட்டித் தீர்க்கிறவர், உனக்கு இரண்டு பேரும் வேண்டும் என்றாய். அதை வாசித்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது, புகழ்கிறவன் நான், திட்டுகிறவள் உன் அம்மா, நீ எங்கள் வீட்டுக் குசினிச் சண்டைக்குத் தாடி ஒட்டிப் பார்த்திருக்கிறாய், அவ்வளவுதான். சரி, அந்த இரண்டு பேருக்கும் என் வணக்கம். ஆனால் பிள்ளை, நீ போன மாசி மாதம் உன் செம்மறிப் பாட்டை ரெலிபோனில் சொல்லிக் காட்டினாயே, காயப்பட்ட செம்மறியைக் காரின் பின் சீட்டில் பெல்ற் போட்டு இருத்திக் கிளினிக்குக்குக் கொண்டுபோன நேர்ஸின் கதை, வழியில் அது நோயாளியின் ரிப்போட்டைத் தின்றுவிட்டுத் தும்மின கதை. எனக்கு இங்கிலிஸ் பாதிதான் விளங்கியது, தாளம் முழுக்க விளங்கியது. அதில் ஓடுவது குதிரை இல்லை. குதிரை நடு வரியில் இருமாது. அது உழவு மிசின், உன் மாமாவின் ட்ராக்டர்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நாங்கள் ஊருக்குப் போனது உனக்கு மறக்காது. மாமா உன்னை மிசினின் மட்கார்ட்டில் இருத்திக்கொண்டு கிளிநொச்சி ரோட்டில் ஓடுவான், ஒவ்வொரு கிடங்கிலும் பள்ளத்திலும் விழும்போது ஒரு அடி சொல்வான், அடுத்த கிடங்குக்கு முன்னம் நீ மறு அடி சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் இறங்கி நட. கனடாக்காரி, இறங்கு பிள்ளை இறங்கு என்று அவன் சத்தம் போட, நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புழுதிக்குள் நடந்து வருவாய். அந்த ஒரு மாதம் நீ மிசினில் போனதைவிட நடந்ததுதான் கூட. கடைசிக் கிழமை நீ இறங்கவே இல்லை. அதை நீ அந்த விழாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாய், பரவாயில்லை, தாடி வைத்தவர்களைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், அவனுக்கு மீசை மட்டும்தானே.

இப்போது கேள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று அம்மா உனக்குச் சொன்னாள். அது அவன்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை, சொல்லத் தொடங்கினால் அவளுக்கு அழுகை வந்துவிடும். ஞாயிறு காலை அம்மா தோசை சுட்டுக்கொண்டு நின்றாள். ரெலிபோன் அடித்தது, எடுத்தாள். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு குரல், அக்கா, நான் சண்முகம் என்றது. உன் மாமாவின் குரல் உனக்குத் தெரியும், வயலுக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து மாடு திரும்பிப் பார்க்கும். இது அந்தக் குரலே இல்லை. இரண்டு கிழமைக்கு முன்னம்தான் எவனோ ஒருவன் அமிர்தநாதர் அண்ணை வீட்டுக்கு எடுத்து, நான்தான் உங்கட பெறாமகன் எண்டு அழுது ஏமாற்றப் பார்த்தான். அதனால் உன் அம்மா விறைத்துப்போனாள். ஊர் கேட்டாள், சொன்னான். அப்பா பெயர் கேட்டாள், சொன்னான். அவன் சரியாகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது, உது ஆரும் கேட்டறிஞ்சு சொல்லலாம் என்று ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொல்கிறாள். அடுப்பில் தோசை கருகுகிறது. நான் ரெலிபோனை வாங்கினேன். சுகமோ என்று கேட்க வரவில்லை. எங்கே நிற்கிறாய் என்றும் வரவில்லை. எனக்கு வந்தது எங்கள் கலியாணத்தில் அவன் கட்டின நக்கல் பாட்டு. மாப்பிள்ளைத் தோழனாக என் பக்கத்தில் இருந்துகொண்டு, என் தலைப்பா வழுகிக் கண்ணை மூடின நேரம் பார்த்துச் சபையில் பாடினானே, அதுதான். மச்சான்காரன் பாடினால் கோபிக்க முடியாது, அது அவன் உரிமை, அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நல்லநாளிலும் பாடுவான், நான் எழும்பிப் போய்விடுவேன். நான் தாலியை ஒரு சாண் தள்ளித்தான் நீட்டினேன், அவன் பாடுகிற அளவுக்கு இல்லை. இருந்தாலும் சொன்னேன்,

தலைப்பா இறங்கிக் கண்ணை மறைக்குது
தாலி எங்கே போகுது?

லைனுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் பிள்ளைகள் அழுவது கேட்டது, தகரத்தில் யாரோ தட்டுவது கேட்டது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் இறங்கியது. பிறகு அந்தத் துருவல் குரல் மெல்லத் தொடங்கியது,

மலைப்பாய் நிக்கிற மாப்பிளை கையிலை
மாமியின் கழுத்தெல்லோ நோகுது!

சொல்லிவிட்டு, அத்தான், இன்னும் கோபமோ என்றான். பிள்ளை, அத்தனை வருசமும் அந்தப் பாட்டுக்கு எழும்பிப் போன நான் அன்றைக்குத்தான் கடைசி அடி வரைக்கும் நின்று கேட்டேன். சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். அதைக் கேட்டுத்தான் உன் அம்மாவுக்கு விளங்கியது, அப்படியே தரையில் குந்திவிட்டாள். ஜெனோசன் ஓடிவந்து அடுப்பை நிறுத்தினான்.

சண்டைக்குள் இருந்து வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமில் யாரோ ஒருவருடைய ஃபோனில் பேசுகிறான், பின்னால் ஒரு வரிசை சனம் நிற்கிறது என்றான். காலில் காயம், ஆறுகிறது. குண்டுப் புகையும் கத்தினதும் தொண்டையைக் கொண்டுபோய்விட்டது. அவன் மனிசி புனிதவதி மாமி பக்கத்தில் இருக்கிறா. ஆர் ஆர் இல்லை எண்டு இப்ப கேக்க வேண்டாம் அத்தான், அது ரெலிபோனிலை சொல்லி முடியாது என்றான். நான் கேட்கவில்லை. உங்களுக்கு இப்ப என்ன வேணும் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில், கேளுங்கோ அத்தான், புதிசா ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறன், கூடாரத்துக்குள்ளை குந்தி இருக்கிறன், கூரை தலையிலை முட்டுது, என்றான். அதோடு லைன் அறுந்துவிட்டது. எத்தனையோ பேர் காத்திருந்து கிடைக்கிற ஃபோன், அதில் அவன் செய்த வேலையைப் பார்.

இரண்டு நாளாக ஜன்னல் சட்டங்களை அடுக்கிக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். அவனுடைய வீடு போய்விட்டது. மிசின் போய்விட்டது. எங்கள் கலியாண அல்பம் அவனிடம்தான் இருந்தது, அதுவும் போய்விட்டது. ஐடென்ரிக் காட் போய்விட்டது, குரலும் போய்விட்டது, அவன் யார் என்று காட்ட அவனிடம் ஒன்றுமே இல்லை, அந்த உதவாத நாலு அடியைத் தவிர. அது எப்படித் தப்பியது என்றால், அது தலைக்குள் இருந்தது. எதுகை விழுந்தபடியால் மறக்கவில்லை, பகிடியாக இருந்தபடியால் நானும் மறக்கவில்லை. உன் மூட்டைக்காரர்கள் பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டு திரிந்ததாக நீ எழுதினபோது அது எனக்கு ஒரு கதை. இப்போது அது எங்கள் வீட்டு விசயம். சோகப் பாட்டு ஒன்றைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அவனும் அழுதிருப்பான், அழுகிற குரல் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆள் தெரியாது. செத்தவர்களுக்கு அழு பிள்ளை, அதை ஒருவரும் மறிக்கவில்லை, நானும் 401இல் காருக்குள் இருந்து அழுதுகொண்டுதான் போகிறேன், பக்கத்து லேனில் போகிறவன் எனக்குத் தடிமனில் மூக்கு ஒழுகுகிறது என்று நினைக்கிறான். ஆனால் அழுகிறவர்கள் சிரிக்கக்கூடாது என்று உனக்கு யார் சொன்னது? முகாமுக்குள் இருக்கிறவனே சொல்லவில்லையே. அவன் தொடங்கிவிட்டான், நீ ஏன் நிறுத்துகிறாய்?

அதனால் என் ஆசையைச் சொல்கிறேன். மேடையில் ஏறு. அந்தச் செம்மறியைக் கொண்டுபோய் அவ்வளவு சனத்துக்கும் முன்னால் தும்மப் பண்ணு. பாட்டுக்கு முன்னம், யாரிடம் எடுத்துக்கொண்டாய் என்று சொல்லும்போது அந்த இரண்டு தாடிக்காரர் பெயரையும் மரியாதையாகச் சொல்லு, பிறகு மூன்றாவதாகச் சண்முகநாதன், உழவு மிசின் ஓட்டுகிறவர் என்று சொல்லு. அவர்களுக்கு வாயில் நுழையாது, நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லு. சொல்லிவிட்டு, முதல் இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள், மூன்றாவது ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அதையும் சேர்த்துச் சொல்லு. எங்களுக்கு அதைச் சொல்ல இங்கே ஒரு மேடை இல்லை. உன் அம்மா நண்டு காய்ச்சித்தான் சொன்னாள், அமிர்தநாதர் வீட்டுக்கும் ஒரு கோப்பை கொடுத்துவிட்டாள். அந்த மனிசன் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து கதவடியில் நின்று, ரட்ணம், உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் பேசின முதல் வார்த்தை. இந்த மாதத்தில் நான் கேட்ட நல்ல செய்திகளில் அது இரண்டாவது.

ஒன்று மட்டும் உன் பொறுப்பு. அவன் தொடங்கிய பாட்டில் இரண்டு அடி மிச்சம் இருக்கிறது. நான் முயன்று பார்த்தேன், எப்படிக் கட்டினாலும் கடைசியில் சாப்பாட்டில் போய் முடிகிறது. முட்டுது என்று விட்டிருக்கிறான், நீதான் மறு அடி சொல்லவேண்டியவள், அடுத்த கிடங்கு வருவதற்கு முன்னம் அனுப்பு. அவன் திரும்ப எடுக்கும்போது சுகம் கேட்க முன்னம் அதைத்தான் சொல்லப்போகிறேன், பிழையாக இருந்தால் இறங்கு பிள்ளை இறங்கு என்று அங்கிருந்தே கத்துவான், அந்தத் தொண்டையோடு அவன் கத்தட்டும், எனக்கு அதைக் கேட்கவேண்டும். இருட்டில் கார் ஓடாதே, கங்காரு குறுக்கே பாயுமாம். சப்பாத்துப் போட முன்னம் பாம்பு இருக்கிறதா என்று உதறிப் பார். சோறு சாப்பிடு. அம்மா அனுப்பின மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தால் சொல்லு, சுங்கத்தில் தும்மிக்கொண்டு நிற்கிறார்களோ தெரியாது. கந்தன் உன் நாக்கில் தாளத்தையும் உன் கையில் நோய் தீர்க்கிற குணத்தையும் வைத்திருக்கட்டும், எங்கள் மூன்று பேருடைய ஆசியும் உன் தலைமேல், தலைப்பா மாதிரி வழுகாமல் இருக்கட்டும்.

உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அப்பா,
தாலியை ஒரு சாண் மட்டுமே தள்ளி நீட்டிய
சி. இராஜரட்ணம்